தொலைநோக்கும் பணிக்குறிக்கோளும்: ஏலமலைச் சரிவிலிருந்து ஒரு பாடம்

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காய்க்கும் அதுவே பெயர். அக்காய் விலைபோகும் முறைக்கும் அதுவே பெயர். பின்னது போர்ச்சுக்கீசிய மொழிவழி வந்தது என்பர். ஆயினும் ஊரார் மயங்குவதில்லை. நிறுவனங்கள் தம் வாயிலில் எழுதித் தொங்கவிடும் தொலைநோக்கு, பணிக்குறிக்கோள் என்னும் இரு சொற்களிலோ மயக்கம் மிகுதி. இது முதலில் சொல்லாட்சி பற்றிய மயக்கமாதலின், வணிகவியல் மாணவரோடு தமிழ் மாணவரும் இதனை ஆராய்தல் தகும்.

தொலைநோக்கு, சென்றடைய விரும்பும் நிலையைக் கூறும். பணிக்குறிக்கோள், யாருக்காக, எதனை, எவ்வாறு செய்கிறோம் என்பதைக் கூறும். பின்னதற்கு வினைச்சொல்லே உயிர்.

ஸ்பைசஸ் போர்டு எனப்படும் நறுமணப் பொருள்கள் வாரியத்திற்கான 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தை நோக்குவோம். ஏற்றுமதியை வளர்த்தல், ஏலக்காய்த் தொழிலைச் சாகுபடி உட்பட நெறிப்படுத்துதல் என்னும் பணிகளை அதன் முகப்பே சுட்டுகிறது. 1987 இல் அமைந்த வாரியம் ஏலத்தோட்டம் வரை இறங்கி வருவதற்கும், போடியிலும் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடைபெறுவதற்கும் வேர் அங்கேயே உள்ளது.

இதனினும் தெளிந்த சான்று மதுரையில் உண்டு. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழித்தல் என்பதே அதன் குறிக்கோள். 'தவிர்க்கக்கூடிய' என்னும் ஓர் அடைமொழியின் ஆற்றலைக் காண்க. கண்புரையால் இருண்ட கண் அறுவையால் ஒளிபெறும். ஆகவே பணம் இல்லை என்பது பார்வையிழக்கக் காரணமாகலாகாது. கட்டணம் செலுத்துவோர் வருவாயால் ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் முறை அதற்கு இயைந்ததே. அயல்நாட்டு விழிவில்லையின் விலை தடையாக நின்றபோது, 1992 இல் ஆரோலேப் நிறுவி வில்லையையும் தாமே செய்தனர். மருத்துவமனை ஏன் தொழிற்சாலை நடத்த வேண்டும் என்ற வினாவுக்கு அந்த ஒரு தொடரே விடை.

இனி நம் மலைச்சரிவுக்கு வருவோம். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்னும் பலகை எக்கடைக்கும் பொருந்தும். எனவே எக்கடையையும் கட்டுப்படுத்தாது. பூச்சிமருந்து எச்சத்தால் நம் ஏலக்காய் வெளிநாடுகளில் மறுக்கப்பட்டதுண்டு. பச்சை நிறம் தோன்றச் சாயமேற்றும் தீமையும் நாம் அறியாததன்று. மருந்தடித்தபின் குறித்த நாள் கழியாது காய் எடுக்கமாட்டோம், சாயம் ஏற்றமாட்டோம், தரம் பிரிக்கும் பெண்களின் கூலியை வாரந்தோறும் தவறாது அளிப்போம் என ஒரு சிறு விவசாயிகள் சங்கம் எழுதிவைப்பதாகக் கொள்வோம். ஓசைநயம் இல்லைதான். ஆனால் விலை உச்சத்தில் நிற்கும் வாரத்தில், காயை முன்கூட்டி எடுக்கத் துணியும் உறுப்பினரிடம் சங்கச் செயலாளர் சுட்டிக் காட்டத்தக்க வாசகம் அதுவே.