வாக்களிக்கக் கட்டாயப்படுத்தலாமா?

நுழையும்முன்

மக்களாட்சியில் குடிமக்களின் கையில் உள்ள வலிமை மிக்க கருவி வாக்கு. அதனைப் பயன்படுத்தாதவருக்குத் தண்டம் விதிக்கலாமா என்னும் வினா உலக நாடுகள் பலவற்றில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. கேரளத்தின் தென்கோடியில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களை முன்வைத்து அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

எல்லையும் வாக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தொலைவிலேயே பாறசாலை வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நெய்யாற்றை ஒட்டி அமைந்துள்ளது நெய்யாற்றின்கரை. இவ்வூர்களுக்கும் விளவங்கோடு வட்டத்துக்கும் இடையே இன்று மாநில எல்லை செல்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக்கு முன்பு அந்த எல்லை இல்லை. இருபக்கத்து மக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் ஒரே சட்டமன்றத்துக்குத் தங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர்.

மொழிவழி மாநிலக் கோரிக்கை எழுந்த காலத்தில், இப்பகுதித் தமிழர் தம் விருப்பத்தை வெளிப்படுத்தும் வழிகளுள் ஒன்றாக வாக்கைக் கொண்டனர். மார்ஷல் நேசமணி முதலானோர் முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், ஒன்பது வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று கோரியது. நெய்யாற்றின்கரையும் அவற்றுள் ஒன்று. அக்கோரிக்கையை மக்கள்முன் வைத்து 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் போட்டியிட்ட அக்கட்சி 12 இடங்களில் வென்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நடைபெற்ற போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலர் பலியாயினர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. உறவினர் இருபுறமும் பிரிந்து நின்று, வேறு வேறு சட்டமன்றங்களுக்கு வாக்களிக்கத் தொடங்கினர்.

அந்நாளில் வாக்குச்சாவடிக்குச் செல்லுமாறு எச்சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தம் ஊர் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்னும் கேள்வியே அவர்களை வரிசையில் நிற்கச் செய்தது. எனினும் எல்லாத் தேர்தல்களும் அத்தகைய வேகத்தைத் தருவதில்லை. 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 66 விழுக்காட்டினரே வாக்களித்தனர். அதாவது, வாக்காளருள் மூவரில் ஒருவர் வாக்குச்சாவடிக்கு வரவில்லை.

கட்டாயம் வேண்டும் என்போர்

சாலை, குடிநீர், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் பயனை அனைவரும் பெறுகின்றனர்; ஆகவே ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அனைவரும் ஏற்க வேண்டும் என்பது இவர்களது வாதம். சிலர் மட்டும் வாக்களித்தால் அச்சிலரின் விருப்பமே ஆட்சியாகும் என்றும் இவர்கள் கூறுவர்.

இவர்கள் முதலில் காட்டும் சான்று ஆஸ்திரேலியா. அங்கு 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளருள் 60 விழுக்காட்டுக்கும் குறைவானோரே வாக்களித்தனர். 1924ஆம் ஆண்டு கட்டாய வாக்களிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே வாக்குப்பதிவு 91 விழுக்காட்டைக் கடந்தது. தமிழையும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரிலும் 1959 முதல் வாக்களிப்பது கட்டாயம். தக்க காரணமின்றி வாக்களிக்காதவரின் பெயர் அங்கு வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். 50 வெள்ளி செலுத்தியே அதனை மீண்டும் சேர்க்க இயலும்.

கட்டாயம் வேண்டா என்போர்

வாக்களிப்பது உரிமை, உரிமையைப் பயன்படுத்தாமல் இருப்பதும் உரிமையின் பகுதியே என்பது மறுதரப்பின் வாதம். இந்தியச் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, தேர்தல் உரிமை என்பதற்குள் வாக்களிக்கும் உரிமையையும் வாக்களிக்காமல் இருக்கும் உரிமையையும் சேர்த்தே கூறுகிறது. அரசியலமைப்பின் அடிப்படைக் கடமைகள் பதினொன்றிலும் வாக்களித்தல் இடம்பெறவில்லை. போட்டியிடும் எவரையும் ஏற்க விரும்பாதவர் அதனை வெளிப்படுத்தும் வகையில், உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி வாக்குப்பதிவு இயந்திரத்தில் 'நோட்டா' என்னும் பொத்தான் சேர்க்கப்பட்டது.

வாக்களிக்காமையே ஒரு கருத்தாக நின்ற வரலாறும் உண்டு. இலங்கையில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்ட 1931ஆம் ஆண்டிலேயே, முழுத் தன்னாட்சி கிடைக்கவில்லை என்பதற்காக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அழைத்தது. அதன் விளைவாக வடபகுதியின் நான்கு இடங்கள் வெறுமையாயின. 1934 வரை அப்பகுதிகளுக்கு அரசாங்க சபையில் உறுப்பினர் இல்லை. புறக்கணிப்பு உரத்த குரலாக ஒலித்தது உண்மை. அதற்கு அம்மக்கள் கொடுத்த விலையும் சிறிதன்று.

இந்தியாவில் கட்டாயத்தைச் சட்டமாக்க முயன்ற மாநிலம் குஜராத். உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டமுன்வரைவு 2009ஆம் ஆண்டு அதன் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2014ஆம் ஆண்டு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. வாக்களிக்காதவருக்கு 100 ரூபாய் தண்டம் என 2015ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே மாநில உயர் நீதிமன்றம் அச்சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்தியச் சட்ட ஆணையமும் 2015ஆம் ஆண்டு அளித்த தன் 255ஆம் அறிக்கையில் கட்டாய வாக்களிப்பைப் பரிந்துரைக்கவில்லை.

வாராதவர் யார்?

இருதரப்பு வாதங்களும் ஒரு கேள்வியைக் கடந்து செல்ல இயலாது. வாக்குச்சாவடிக்கு வாராதவர் யார்? விருப்பமின்றி வீட்டில் இருப்பவர் ஒரு வகையினர். விருப்பம் இருந்தும் வர இயலாதவர் மற்றொரு வகையினர். சட்டத்தின் தண்டம் இவ்விருவரையும் ஒன்றாகவே காண நேரிடும்.

திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வாக்காளர் பட்டியலில் பெயர் கொண்ட ஒருவர், பாறசாலையில் தங்கிக் கட்டட வேலை செய்கிறார் எனக் கொள்க. 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19ஆம் நாள் நடைபெற்றது. கேரளத்தில் ஒரு வாரம் கழித்து 26ஆம் நாள் நடைபெற்றது. அவர் வாக்களிக்க வேண்டுமானால் 19ஆம் நாள் சொந்த ஊரில் இருக்க வேண்டும். அங்கு சென்று திரும்பும் பேருந்துக் கட்டணமும் இழக்கும் கூலியும் சேர்ந்தால் 100 ரூபாயைப் பன்மடங்கு விஞ்சும். அவருக்கு வாக்களிப்பதைவிடத் தண்டம் செலுத்துவதே செலவு குறைந்த வழியாகிவிடும். அந்தத் தண்டம் அவரை ஊருக்கு அழைத்துவராது. அவர் கையிலிருந்து மேலும் 100 ரூபாயைப் பறிக்கும். வசதி படைத்தவரோ அத்தொகையைப் பொருட்படுத்த மாட்டார்.

எல்லையைக் காக்கும் படைவீரர் பணியிடத்திலிருந்தே அஞ்சல் வழியாக வாக்களிக்கலாம். 85 வயதைக் கடந்த முதியவர் 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வீட்டிலிருந்தே வாக்களிக்க வழி செய்யப்பட்டது. பிழைப்புக்காகப் பிற மாநிலம் சென்ற தொழிலாளருக்கு அத்தகைய வழி இன்னும் அமையவில்லை. 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே சாவடியில் பதிவு செய்யத்தக்க தொலைநிலை வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன்மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2022ஆம் ஆண்டு இறுதியில் அறிவித்தது. அரசியல் கட்சிகள் பல ஐயங்களை எழுப்பியதால் அது நடைமுறைக்கு வரவில்லை.

வழி ஏற்படுத்தித் தராமல், வரவில்லை எனத் தண்டிப்பது முறையாகாது. குடிமகனைக் கட்டாயப்படுத்துவதற்கு முன், அவன் வழியில் உள்ள தடைகளை நீக்கும் கடமை அரசுக்கு உண்டு.

குடியேறியோர் செய்யத்தக்கது

அரசின் கடமையைச் சுட்டியபின் குடிமக்களின் கடமை மறைந்துவிடுவதில்லை. ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயரைப் பதிந்துகொள்ளச் சட்டம் வழி வகுத்துள்ளது. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தவர் படிவம் 8ஐ நிரப்பிப் பெயரைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடங்களில் பெயரை வைத்துக்கொள்வது குற்றமாகும்.

சொந்த ஊருடன் உள்ள பிணைப்பு அறுந்துவிடுமோ என்று பலரும் பெயரை மாற்றத் தயங்குவர். அத்தயக்கம் இயல்பானதே. ஆயினும் அவர்களுடைய பிள்ளைகள் பயிலும் பள்ளியும், அவர்கள் நீர் எடுக்கும் குழாயும், நடந்து செல்லும் தெருவும் இப்போது பாறசாலையில் உள்ளன. அவற்றைப் பற்றி முடிவெடுக்கும் ஊராட்சியில் அவர்களுக்கு வாக்கு இல்லையெனில், அவர்கள் குறையைக் கேட்க எவருக்கும் அவசரம் இராது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ் மொழிச் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அந்த உரிமை ஏட்டில் உறங்காதிருக்க, அதனைக் கேட்டுப் பெறுவோர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

சட்டத்தின் கட்டாயம் ஒருவரைச் சாவடி வரை கொண்டுவந்து நிறுத்தலாம். யாருக்கு வாக்களிப்பது, எதற்காக வாக்களிப்பது என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பை அது அவருக்குத் தந்துவிடாது. அப்பொறுப்பு கல்வியாலும் வீட்டில் நிகழும் உரையாடலாலும் வளர்வது. 17 வயது நிரம்பியோர் 18 வயதை எட்டுவதற்கு முன்னரே பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாம் என்பதால், மேல்நிலை வகுப்பு மாணவர்க்கும் இதில் இப்போதே பங்குண்டு.

சொற்பொருள்

தண்டம் – குற்றத்துக்காகச் செலுத்தும் பணம்
சட்டமுன்வரைவு – மசோதா
இடைக்காலத் தடை – வழக்கு முடியும் வரை விதிக்கப்படும் தடை
விஞ்சுதல் – மிகுதல்
புறக்கணித்தல் – ஏற்காது ஒதுக்குதல்
பிணைப்பு – கட்டு, தொடர்பு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. வாக்குரிமை
2. எல்லையூர்
3. நெடுஞ்சாலை

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்ட நாள் \_\_\_\_\_\_.
2. ஆஸ்திரேலியாவில் கட்டாய வாக்களிப்புச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு \_\_\_\_\_\_.
3. குடிபெயர்ந்தவர் பெயரை மாற்றிக்கொள்ள நிரப்ப வேண்டியது படிவம் \_\_\_\_\_\_.

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. 1956க்குப் பின் பாறசாலை மக்களின் வாக்கில் ஏற்பட்ட மாற்றம் யாது?
2. குஜராத் சட்டத்துக்கு நேர்ந்தது என்ன?
3. யாழ்ப்பாணப் புறக்கணிப்பின் விளைவு யாது?

ஈ. விரிவான விடை எழுதுக.
'வாராதவர் அனைவரும் பொறுப்பற்றவர் அல்லர்.' இக்கூற்றைப் பாடக் கருத்துகளைக் கொண்டு ஆராய்க.

உ. சொற்போர்
வகுப்பை இரு அணிகளாகப் பிரித்து, 'வாக்களிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக. ஒவ்வோர் அணியும் எதிரணியின் வலுவான வாதம் ஒன்றை முதலில் எடுத்துக்கூறிய பின்னரே மறுமொழி கூறுதல் வேண்டும்.

ஊ. செயல்திட்டம்
குடும்பத்தில் உள்ள பெரியோரின் பெயர்கள் எந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ளன, அவர்கள் கடைசியாக வாக்களித்தது எப்போது, வாக்களிக்க இயலாத தேர்தல் இருப்பின் அதற்குக் காரணம் என்ன என்பவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக. யாருக்கு வாக்களித்தார்கள் என்று கேட்டல் கூடாது. அது மறைவாகக் காக்கப்பட வேண்டிய உரிமை.