மலையேற்றம் கற்பிக்கும் பாடம்

அண்மையில் செம்பனைத் தோட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மாலைக் கூட்டம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் எம்மிடம் வந்தார். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழித் தாளில் தவறிவிட்டதால் முழுச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றார். மின்சாரத் தொழில் கற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "இனி என்ன ஐயா, எல்லாம் முடிந்துவிட்டது. குலை வெட்டப் போக வேண்டியதுதான்" என்றார்.

குலை வெட்டுதல் இழிவான தொழிலன்று. எனினும், ஒரு தொழிலை விரும்பி ஏற்பது வேறு; வேறு வழியே இல்லை என்று மனம் ஒடிந்து ஏற்பது வேறு. அவ்விளைஞருக்கு நாம் ஒரு மலையின் வரலாற்றைக் கூறினோம். அதனையே இங்கும் எழுதுகின்றோம்.

பதினெட்டு ஆண்டு முயற்சி

எவரெஸ்டுச் சிகரத்தை 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹில்லரியும் தென்சிங் நோர்கேயும் அடைந்தனர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் தென்சிங் அம்மலைக்கு முதன்முதலாகச் சென்றது 1935ஆம் ஆண்டில் என்பதைப் பலர் அறியார். அன்று அவர் சுமை தூக்கும் தொழிலாளி. அதன்பின் ஒவ்வொரு முறையும் சிகரத்தைத் தொடாமலேயே திரும்பினார். 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுக் குழுவோடு சென்று 8,500 மீட்டருக்கும் மேல் ஏறிய பின்னரும் திரும்ப நேர்ந்தது. வெற்றி கிட்டியது ஏழாவது பயணத்தில். அப்பொழுது அவருக்கு வயது 39.

திரும்பியவர்கள் செய்த உதவி

1953ஆம் ஆண்டுக் குழுவில் சிகரத்திற்கு முதலில் அனுப்பப்பட்டவர்கள் ஹில்லரியும் தென்சிங்கும் அல்லர். மே 26ஆம் நாள் போர்டில்லன், எவன்ஸ் என்னும் இருவர் சென்றனர். சிகரத்திற்கு ஏறத்தாழ நூறு மீட்டர் கீழேயுள்ள தென்முகடு வரை ஏறினர். உயிர்வளிக் கருவி தொல்லை தந்தது, நேரமும் கடந்துவிட்டது. மேலே சென்றால் உயிருடன் இறங்குவது அரிது என உணர்ந்து திரும்பினர்.

அவர்கள் திரும்பியது வீண்போகவில்லை. அதற்குமேல் செல்லும் வழி எத்தகையது என்பதை அடுத்த இருவருக்கும் எடுத்துரைத்தனர். அவர்கள் விட்டுவந்த உயிர்வளிக் குப்பிகளை ஹில்லரி வழியில் கண்டு, இறங்கும்போது உதவும் எனக் கணக்கிட்டுக்கொண்டார்.

ஏறுவதற்காக இறங்குதல்

எவரெஸ்டில் எவரும் ஒரே மூச்சாக ஏறுவதில்லை. சிகரத்தில் நம் மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி, கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆகவே, ஒரு முகாம் வரை ஏறுவர். பின்னர்க் கீழே இறங்கி இளைப்பாறுவர். மறுபடியும் சற்று உயரமாக ஏறுவர். இவ்வாறு உடல் சிறுகச் சிறுகப் பழகுகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பின்வாங்குதல் போலத் தோன்றும். உண்மையில் இஃது ஏற்றத்தின் ஒரு பகுதியே.

நம் நாட்டவரும் இவ்வழியிலேயே சென்றனர். பனி பெய்யாத நாடு நம்முடையது. நம் நாட்டின் மிக உயர்ந்த கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர்; நேப்பாளத்தில் எவரெஸ்டின் அடிவார முகாமோ 5,300 மீட்டருக்கும் மேல் உள்ளது. இருந்தும் 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் ஆகிய இருவரும் அச்சிகரத்தில் ஏறி, எவரெஸ்டை அடைந்த முதல் மலேசியர்கள் என்னும் பெயரைப் பெற்றனர். முந்திய ஆண்டு மே மாதத்தில் வீசிய புயலில் அம்மலையில் எண்மர் மாண்டிருந்தனர். அச்செய்தியை அறிந்தும் அஞ்சி ஒதுங்காமல் சென்றார்கள்.

நமக்குரிய முகாம்கள்

நம் இளைஞருக்கு வருவோம். மலாய் மொழித் தாளை மறுபடியும் எழுத வழியுண்டு. அத்துடன், மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று, இரண்டு, மூன்று எனப் படிநிலைகளாக அமைந்துள்ளது. அதற்குமேல் நான்காம் நிலையில் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர்நிலை டிப்ளோமாவும் உள்ளன. முதல் நிலையில் சேர எஸ்.பி.எம். சான்றிதழ் இன்றியமையாததன்று. ஆகவே, அவர் நின்ற இடம் பாதையின் முடிவன்று. ஒரு முகாம் மட்டுமே.

வாசகர்களே, இன்றிரவு ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள்:

1. நாம் அடைய விரும்பும் சிகரம் எது? ஒரே வரியில் எழுதுக.
2. அதற்கு முன்னுள்ள முதல் முகாம் எது? அதனை எந்த மாதத்திற்குள் அடையலாம்?
3. முன்பு ஒருமுறை திரும்பியிருந்தால், அப்பயணத்தில் கற்றுக்கொண்டது யாது?

பெற்றோர்க்கும் ஒரு சொல். தேர்வில் தவறிய பிள்ளையிடம் "ஏன் திரும்பினாய்?" என்று கடிந்துகொள்வதை விடுத்து, "எதுவரை சென்றாய்? அடுத்த முறைக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள்.

நாம் விடைபெற்றபோது அவ்விளைஞர் கேட்டது ஒன்றுதான்: "மறுதேர்வுக்கு எப்போது பதிய வேண்டும், ஐயா?" முதல் முகாமுக்கு அவர் புறப்பட்டுவிட்டார் என்று மகிழ்ந்தோம்.