கீமோ நாட்களில் காய்ச்சலா? காத்திருக்க வேண்டாம்!



"இப்பத்தானே ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன், திரும்பவும் போகணுமா? செலவுக்கு என்ன பண்றது?" புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் உறுப்பினர்கள் இப்படித் தயங்குவதை நாங்கள் ஊர் ஊராகப் போகும்போது கேட்கிறோம். இந்தத் தயக்கம் உயிருக்கே ஆபத்து.

ஏன்?

கீமோ மருந்து, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் அவை மிகவும் குறையும். அப்போது சாதாரணக் கிருமிகூட சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடலாம்.

என்ன செய்யணும்?

1. வீட்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால், ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-ஐக் கூப்பிடலாம்.
2. குளிர் நடுக்கம் வந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் போங்கள்.
3. நீங்களாக மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைக்காதீர்கள்.
4. போனதும் "கீமோ எடுக்கிறேன்" என்று சொல்லி, சிகிச்சை நோட்டைக் காட்டுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

அவசரக் கடனை அடுத்த கூட்டம் வரை தள்ளாமல் கொடுக்க இப்போதே தீர்மானம் போடுங்கள். துணைக்குப் போகும் இருவர் பெயரையும் அதில் எழுதுங்கள்.

திரும்ப அட்மிட் ஆவதால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. நேரத்தோடு போனால் சிகிச்சையைத் தொடரலாம். இந்த வாரக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுவோமா?