இணையதள விளம்பர வருவாய்: ஏலமலைக்கு ஏற்ற துணைத்தொழிலா?

இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்கு வடக்கே, தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சக்குபள்ளம் ஊராட்சி. ஏலக்காய்ச் சாகுபடியே இப்பகுதி மக்களின் வாழ்க்கைக்கு ஆதாரம். தோட்டங்களில் உழைப்போரில் தமிழர் பலர். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோவுக்கு ரூ. 7,000 வரை உயர்ந்த ஏலக்காய் விலை, அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே சரிந்தது. இத்தகைய ஏற்றத்தாழ்வுகளுக்கிடையே படித்த இளைஞர்கள் துணை வருவாயை நாடுவது இயல்பே.

அதற்கான ஒரு வழி, சொந்தமாகச் சிறு இணையதளம் அமைத்து, அதில் விளம்பரங்களுக்கு இடமளிப்பதாகும். தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பின் மூலம் ஊராட்சிகள் அனைத்தும் இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டமாக 2015 ஜனவரியில் இடுக்கி அறிவிக்கப்பட்டது. எனவே, இம்முயற்சிக்கு வேண்டிய அடிப்படை வசதி இங்கு உருவாகியுள்ளது. ஆயினும், எதிர்பார்க்கத்தக்க வருவாய் எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணக்கிடுதல் அவசியம்.

வருவாய் பிறக்கும் விதம்

2003இல் கூகுள் நிறுவனம் தொடங்கிய ஆட்சென்ஸ் சேவை, 2018 பிப்ரவரியில் தமிழ்த் தளங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இது செயல்படும் முறை புற்றடி ஏலத்தை அறிந்தோருக்கு எளிதில் விளங்கும். வாசகர் ஒருவர் பக்கத்தைத் திறக்கும் கணத்தில், அங்குள்ள விளம்பர இடத்திற்கு விளம்பரதாரர்களிடையே கணினி வழியே ஏலம் நடைபெறுகிறது. வென்றவரின் விளம்பரம் தோன்றுகிறது. அவர் செலுத்தும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு தள உரிமையாளரைச் சேருகிறது. முன்பு பெரும்பாலும் விளம்பரத்தைச் சொடுக்கினால்தான் பணம் கிடைத்தது. 2024 முதல் விளம்பரம் பார்க்கப்படுவதே கணக்கிடப்படுகிறது.

உரிமையாளர் 18 வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் எண் அஞ்சலில் வரும். 100 டாலர் சேர்ந்த பின்னரே பணம் வங்கிக்கு அனுப்பப்படும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஆயிரம் பார்வைகளுக்கு ரூ. 40 கிடைப்பதாகவும், ஒரு டாலரின் மதிப்பு ரூ. 85 எனவும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு நூறு பார்வைகள் பெறும் தளம் மாதத்தில் ரூ. 120 மட்டுமே ஈட்டும். 100 டாலரை எட்ட ஏறத்தாழ ஆறு ஆண்டுகளாகும். தளத்தின் பெயரைப் பதிவு செய்ய ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் செலவாகும் என்பதையும் மறத்தலாகாது. நாளொன்றுக்கு ஆயிரம் பார்வைகள் வந்தால், ஏழு அல்லது எட்டு மாதங்களில் அத்தொகை சேரும். ஆகவே, கூலியை விட்டுவிட்டு இதை நம்புவது அறிவுடைமை ஆகாது.

குறைந்த வருவாயைக் கண்டு குறுக்குவழி தேடுவோர் உண்டு. தன் தளத்து விளம்பரத்தைத் தானே சொடுக்குதல், நண்பர்களைச் சொடுக்கச் சொல்லுதல் ஆகியவை விதிமீறல்களாகும். கணக்கு முடக்கப்பட்டால், சேர்ந்த தொகையையும் இழக்க நேரிடும். பிறர் எழுதியதைப் படியெடுத்து இடும் தளங்களுக்கு அனுமதி கிடைப்பதும் அரிது.

எழுதத்தக்கவை

வாசகரைத் தக்கவைப்பது பயனுள்ள செய்தியே. நாள்தோறும் ஏல விலை, அழுகல் நோயின் அறிகுறிகள், இலைப்பேன் கட்டுப்பாடு, மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைகள் ஆகியவற்றை எளிய தமிழில் தரும் தளம், சக்குபள்ளத்திலும் போடிநாயக்கனூரிலும் ஒருங்கே வாசகரைப் பெறக்கூடும். வாசகர் வட்டம் அமைந்தபின், நாற்றுப்பண்ணை, பாசனக் கருவிக் கடை, குமுளியில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை தரும் வீடுகள் போன்றவற்றிடம் நேரடியாக விளம்பரம் பெறலாம். மாதம் ரூ. 500 தரும் உள்ளூர் விளம்பரதாரர் ஒருவரே மேற்கண்ட நூறு பார்வைக் கணக்கைப் போல நான்கு மடங்குக்கு மேல் அளிப்பவராகிறார்.

இங்கேதான் கவனம் மிகவும் தேவை. பூச்சிமருந்து விற்பவர் பணம் தருகிறார் என்பதற்காக அம்மருந்தைப் பரிந்துரைத்து எழுதினால், பாதிக்கப்படுபவர் அண்டைத் தோட்டக்காரரே. மருந்தின் எச்சம் மிகுந்த ஏலக்காய் வெளிநாட்டுச் சந்தையில் நிராகரிக்கப்படும். அந்த இழப்பு மலை முழுவதையும் பாதிக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு அபராதம் விதிக்க வகை செய்கிறது. பணம் பெற்று எழுதியது எனில், அதைத் தெளிவாகக் குறிப்பிடுதல் வேண்டும்.

நட்ட ஏலச்செடி பலன் தர இரண்டு, மூன்று ஆண்டுகளாகின்றன. தளமும் அத்தகையதே. முதலாண்டில் பிற வேலையை விடாது, வாரம் இரு கட்டுரைகளேனும் எழுதி, வரவு செலவைக் குறித்து வைத்து, ஆண்டு முடிவில் தொடர்வதா எனத் தீர்மானிப்பதே தக்க முறையாகும். வருவாய் சிறிதாயினும், தாய்மொழியில் நம்பகமான வேளாண்மைச் செய்தி கிடைப்பது ஏலமலை உழவர்களுக்கு நிலையான நன்மையாக அமையும்.