இதயத்திற்கும் ஒரு மதிப்பெண்

கடன் கேட்டு விண்ணப்பிப்பவரின் கடன் மதிப்பெண்ணை வங்கி முதலில் பார்க்கிறது. 300 முதல் 900 வரையிலான அந்த எண் தவணை தவறாது என்பதற்கான உறுதிமொழி அன்று. கடந்தகாலப் பதிவுகளைக் கொண்டு எதிர்கால வாய்ப்பைக் கணிக்கும் ஒரு மதிப்பீடே ஆகும். இதய நோய்க்காக மருத்துவர்கள் கணக்கிடும் இடர் மதிப்பெண்களும் அத்தகையனவே. ஆயினும் அவை பல வகைப்படும். எந்த மதிப்பெண் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதை அறிந்திருத்தல் நலம்.

முதல் கேள்வி: இன்று நலமாக இருப்பவருக்கு நாளை என்ன நேரும்? அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் நகரில் 1948இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வே இவ்வகைக் கணக்கீட்டிற்கு அடித்தளம் இட்டது. ஒரு நாட்டவரின் தரவில் பிறந்த அட்டவணை பிற நாட்டவருக்கு அப்படியே பொருந்தாது. எனவே உலக சுகாதார நிறுவனம் 2019இல், தெற்காசியா உள்ளிட்ட 21 வட்டாரங்களுக்குத் தனித்தனி அட்டவணைகளை வெளியிட்டது. வயது, பாலினம், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், உடல் நிறைக் குறியீடு ஆகிய ஐந்தை மட்டும் கொண்டு, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பை அவற்றில் காணலாம். இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பதால், குன்னத்துகால் போன்ற சிற்றூர்களிலும் இது எளிதில் பயன்படும்.

இரண்டாம் கேள்வி: இப்போது நெஞ்சு வலிக்கிறது, இது மாரடைப்பா? இதற்கு 'ஹார்ட்' மதிப்பெண் உதவுகிறது. வலியின் தன்மை, இ.சி.ஜி., வயது, இடர்க் காரணிகள், ட்ரோபோனின் என்னும் ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை புள்ளிகள் வழங்கப்படும். 58 வயதுடைய ஒருவருக்கு ஓரளவு ஐயத்திற்குரிய வலி 1, வயது 1, இரத்த அழுத்தமும் நீரிழிவும் இருப்பதால் 1, இயல்பான இ.சி.ஜி.க்கும் ட்ரோபோனினுக்கும் 0 எனக் கூட்டினால் 3 வரும். 3 வரை குறைந்த இடர் எனக் கொள்வர். குறைந்தது என்றால் இல்லை என்று பொருளன்று.

மூன்றாம் கேள்வி: நோய் எவ்வளவு தீவிரமானது? இதை ஆஞ்சியோகிராம் படமே காட்டும். அப்படத்தில் அடைப்புகளின் இடத்தையும் சிக்கலையும் எண்ணிப் பெறுவது 'சின்டாக்ஸ்' மதிப்பெண். 22 வரை குறைவு, 23 முதல் 32 வரை நடுத்தரம், 33உம் அதற்கு மேலும் மிகுதி. பல குழாய்களில் அடைப்புள்ளோருக்கு எண் மிகும்போது, ஸ்டென்டைவிட பைபாஸ் அறுவைச் சிகிச்சையே பொதுவாக ஏற்றதாகிறது.

முதல் மதிப்பெண் குறைவாக இருந்தது என்பதற்காக, நெஞ்சுவலி வந்தபின் வீட்டில் காத்திருப்பது பேராபத்து. 2007 முதல் 2009 வரை கேரளத்தின் 125 மருத்துவமனைகளில் 25,748 இதய நோயாளிகளின் விவரங்கள் பதிவு செய்யப்பட்டன. அவர்களின் சராசரி வயது 60. வலி தொடங்கி 6 மணி நேரத்திற்குப் பின் வந்தோருக்கு, மருத்துவமனையிலேயே உயிரிழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கடுமையான மாரடைப்புடன் சேர்க்கப்பட்டோரில் 8.2 விழுக்காட்டினர் இறந்தனர்.

வயதையும் பாலினத்தையும் மாற்ற இயலாது. புகையை விடலாம், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்கலாம். தவணைகளை ஒழுங்காகச் செலுத்தச் செலுத்தக் கடன் மதிப்பெண் உயர்வதுபோல, இவற்றைப் பேணப் பேண இதய இடர் குறையும். 40 வயதைக் கடந்தோர் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் எடையையும் அளந்து, தம் இடர் எவ்வளவு எனக் கேட்டறிவது நன்று. நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் தோன்றினால், எண்ணைக் கணக்கிட வேண்டியது மருத்துவரே. நாம் செய்ய வேண்டியது 108ஐ அழைப்பதே. எல்லைக்கு இருபுறமும், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், ஆம்புலன்ஸுக்கு அந்த எண் ஒன்றுதான்.