திரை மாறினும் படம் அழியாதிருத்தல்

பெங்களூரிலுள்ள கர்நாடக மாநிலத் தொலையுணர்வுப் பயன்பாட்டு மையம் ஆக்கியளித்த ‘திஷாங்க்’ என்னும் கைப்பேசிச் செயலியைக் களப்பணியாளர் பலர் அறிவர். ஒரு நிலத்தில் நின்று அதனைத் திறந்தால், அந்நிலத்தின் சர்வே எண்ணும் சுற்றியுள்ள புலங்களின் எல்லைகளும் திரையில் தோன்றும். முன்னாளில் கிராமக் கணக்கரின் பெட்டிக்குள் இருந்த புலப்படம் இன்று எவர் கையிலும் விரிகின்றது. இவ்வாறு படம் காட்டும் செயலிகள் பல பெருகியுள்ளன. அவை அனைத்திற்கும் பொதுவான இடர் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

ஜக்கூர் ஏரியின் கரையைச் சுற்றி நடந்து, எல்லைப் புள்ளிகளை ஒருவர் கைப்பேசியில் குறித்து வருகிறார் எனக் கொள்வோம். நாற்பதாம் புள்ளியை இடுகையில் தொலைபேசி அழைப்பு வருகிறது. பேசி முடித்துத் திரும்பினால், திரை வெறுமையாக இருக்கிறது. படமும் இல்லை, புள்ளிகளும் இல்லை. மீண்டும் கரை முழுவதும் நடக்க வேண்டும். அதற்குச் சோம்பி, நினைவைக் கொண்டு கோடு இழுத்துவிட்டாலோ, பிறர் நிலத்திற்குள் எல்லை புகுந்துவிடும்.

இஃது எவ்வாறு நேர்கின்றது? கைப்பேசியில் திரை ஒன்று; செயலிகளோ பல. அழைப்பு வந்ததும் படச் செயலி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அது தீட்டிய படத்தின் துண்டுகள் வரைகலைச் சில்லுக்குரிய நினைவகத்தில் ஒரு தனிக் களத்தில் வைக்கப்பட்டிருக்கும். ஆங்கில நூல்கள் இதனைக் ‘கான்டெக்ஸ்ட்’ என்னும். ‘சூழல்’ என்பதே வழக்கிலுள்ள மொழிபெயர்ப்பு. எனினும் பொருள்களை வைக்கும் இடமாகிய இதற்குத் ‘தீட்டுக்களம்’ என்பதே பொருந்துமென்பது என் கருத்து. பக்கத்திற்கு 2,048 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரப் படம், புள்ளிக்கு 4 பைட்டு வீதம், 16 மெகாபைட்டு இடத்தை அடைக்கும். முன்னே நிற்கும் செயலிக்கு இடம் வேண்டுமாதலின், பின்னே சென்றதன் களம் கலைக்கப்படலாம். ஆண்ட்ராய்டில் ஓப்பன்ஜிஎல் முறையில் படம் தீட்டுதற்கு உரிய வழக்கமான கருவி, செயலி நிறுத்தப்பட்டவுடன் களத்தைத் தானே கலைத்துவிடும். திரும்பியபின், பழைய அடையாள எண்களைக் கொண்டு படத்துண்டுகளைக் கேட்டால் ஒன்றும் கிடையாது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல், களத்தைக் காத்து வைக்குமாறு செயலி வேண்டிக்கொள்ள வழி செய்யப்பட்டுள்ளது. ஆயினும் அது வேண்டுகோளேயன்றி உறுதியன்று. செயலியே நினைவகத்தினின்று நீக்கப்படின் களமும் உடன் அழியும்.

ஆகவே, காக்கவேண்டியது படமா என்று முதலிற் கேட்டல் வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த தேசப்படத்தை அடுத்த பாடவேளையில் வருபவர் அழித்துவிடுவார். அதனால் நட்டமில்லை, புத்தகத்தைப் பார்த்து மீண்டும் வரையலாம். ஆனால் மாணவர் அளந்து வந்து சொன்ன அளவுகளை வேறெங்கும் எழுதாது பலகையில் மட்டும் குறித்திருந்தால், அவை போனவை போனவையே. சங்கிலி பிடித்து அளந்த பழைய சர்வேயர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். ஒவ்வோர் அளவையும் நின்ற இடத்திலேயே குறிப்பேட்டில் எழுதினர்; படத்தை மாலையில் கூடாரத்திலோ அலுவலகத்திலோ வரைந்தனர்.

செயலியை அமைப்போரும் அவ்வாறே பிரித்தல் வேண்டும். படத்துண்டுகளைக் காக்க முயலாது, திரும்பி வந்ததும் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றித் தீட்டுக. பார்வையின் நிலையை, அதாவது நடுவிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உருப்பெருக்கம், திசை ஆகிய நான்கு எண்களை, செயலி பின்வாங்குமுன் இயக்க முறைமை தரும் சிறு பொதியில் இடுக. இதற்கு 32 பைட்டு போதும். (அப்பொதியில் படத்தையே திணிக்க முயன்று செயலியைக் கவிழ்ப்போரும் உளர், ஏறத்தாழ ஒரு மெகாபைட்டே அதன் எல்லை.) நடந்து குறித்த புள்ளிகளையோ அப்பொதியை நம்பி விடலாகாது. பயனரே செயலியை மூடினாலும் மின்கலம் தீர்ந்தாலும் அது எழுதப்படாது. ஒவ்வொரு புள்ளியும் இட்ட கணத்திலேயே கைப்பேசியின் சேமிப்பகத்தில், எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளத்தில், பதியப்படல் வேண்டும். நாற்பது புள்ளிகளின் அட்சதீர்க்கங்கள் 640 பைட்டுகளே.

நிரல் எழுதாத பணியாளரும் இதனைச் சோதிக்கலாம். களத்திற்குச் செல்லுமுன் மூன்று புள்ளிகள் இடுக. கைப்பேசியைக் குறுக்காகத் திருப்புக; ஆண்ட்ராய்டில் இயல்பாக அவ்வொரு திருப்பத்திற்கே திரை முழுதும் கலைந்து புதிதாய் அமையும். பின்னர் வேறொருவரைக் கொண்டு அழைக்கச் செய்து, பேசிவிட்டுத் திரும்புக. இறுதியாக, நிரலாளர்க்கான அமைப்புப் பட்டியலில், விட்டகன்ற திரைகளை உடனே அழிக்கச் செய்யும் விருப்பத்தை இயக்கி, மற்றொரு செயலிக்குச் சென்று மீள்க. சோதனை முடிந்தபின் அதனை அணைத்துவிடுக. மூன்று புள்ளிகளும் தத்தம் இடத்தில் நின்று, பின்னணிப் படம் மட்டும் இரண்டொரு நொடி தாமதித்து வருமாயின், அதனைக் குறையெனக் கொள்ள வேண்டா.