சரக்கு வரத்து தடைபட்டால் திட்டத்தை மாற்றுவது எப்படி?

விதையும் உரமும் உரிய நாளில் கைக்கு வராவிட்டால் பட்டம் தவறிவிடும். செல்பேசி செய்யும் பெரிய நிறுவனங்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஒரு செல்பேசிக்கு வேண்டிய உறுப்புகள் பல நாடுகளிலிருந்து வருகின்றன. அவற்றுள் ஒன்று வராவிட்டாலும் வேலை நின்றுவிடும். இதைச் சமாளிக்கும் முறையை உழவர்களும் அறிந்துகொள்வது நல்லது.

பத்து நிமிடத் தீ

2000ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மின்கம்பியில் இடி விழுந்தது. மின்சாரம் தடுமாறியதால் அல்புகர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் சில்லுத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. சில்லு என்பது செல்பேசியை இயக்கும், நகக்கண் அளவே உள்ள மின்னணு உறுப்பு. சுமார் பத்து நிமிடத்தில் தீ அணைந்தது. ஆனால் தூசி புகாமல் காக்கப்பட்ட அறைகளில் புகையும் நீரும் புகுந்துவிட்டன. பின்லாந்தின் நோக்கியா, சுவீடனின் எரிக்சன் ஆகிய இரு நிறுவனங்களும் இங்கிருந்து சில்லு வாங்கி வந்தன. சரக்கு ஒரு வாரம் தாமதமாகும் என்று அவற்றுக்குத் தெரிவிக்கப்பட்டது.

இரு வழிகள்

எரிக்சன் அதை நம்பிக் காத்திருந்தது. நோக்கியாவோ நாள்தோறும் நிலவரத்தை விசாரித்தது. பல வாரங்களுக்குச் சரக்கு வராது என்று தெரிந்ததும், பிலிப்சின் மற்ற தொழிற்சாலைகளில் தனக்குச் சில்லு செய்து தரச் செய்தது. சில சில்லுகளின் அமைப்பை மாற்றி வேறு நிறுவனங்களிடமும் வாங்கியது. எரிக்சனுக்கு மாற்று வழி இல்லை. அதன் விற்பனை இழப்பு சுமார் 40 கோடி டாலர்.

முறையின் சாரம்

இவ்வாறு வளைந்து கொடுத்து விரைந்து செயல்படுவதை இன்று 'அஜைல்' முறை என்கிறார்கள். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய கணினி வல்லுநர்கள் 17 பேர் தங்கள் பணிக்காக இப்பெயரைச் சூட்டினர். வேலையைச் சில வாரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நிலவரம் பார்த்துத் திட்டத்தைத் திருத்துவதே இதன் சாரம். பின்னர் இது மற்றத் தொழில்களுக்கும் பரவியது.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. தேவையான பொருள்களைப் பட்டியலிட்டு, எது இல்லாவிட்டால் சாகுபடியே நின்றுவிடும் என்று குறித்துக்கொள்ளவும். எல்லாவற்றையும் தினமும் விசாரிக்க இயலாது. குறித்தவற்றைத் தவறாமல் கவனித்தால் போதும்.

2. அவை கிடைக்கும் இரண்டாவது இடத்தை முன்னதாகவே விசாரித்து வைக்கவும்.

3. காத்திருப்பதற்கு ஒரு கடைசி நாளைக் குறிக்கவும். சி.ஆர். 1009 போன்ற 155-160 நாள் நெல் ரகத்தின் விதை அந்நாளுக்குள் கிடைக்காவிட்டால், ஆடுதுறை 39 போன்ற 120-125 நாள் ரகத்துக்கு மாறிக்கொள்ளவும்.

கடைக்காரர் 'அடுத்த வாரம் வரும்' என்று சொன்னால், அந்த வாரம் கழியும்வரை காத்திராமல் அன்றே மாற்று வழியைத் தேடவும். பட்டம் தவறாமல் பயிர் செய்து பயனடையலாம்.